செலஸ்ட்ராக்: விண்வெளிக்கு ஒரு பேரேடு

போன வருஷம் ஒரு வியாழக்கிழமை மாலை, எங்கள் பள்ளி மொட்டை மாடியில் முப்பத்து நான்கு பிள்ளைகள் கழுத்து வலிக்க மேற்கே பார்த்துக்கொண்டு நின்றார்கள். சர்வதேச விண்வெளி நிலையம் 7:12க்கு வரும் என்று போனில் இருந்த ஓர் ஆப் சொல்லியிருந்தது. வரவில்லை. ஆப் பழைய தரவை வைத்துக் கணக்குப் போட்டிருக்கிறது என்பது அப்புறம்தான் புரிந்தது. சரி, இந்தத் தரவெல்லாம் எங்கிருந்துதான் வருகிறது என்று அன்று இரவே தேடிப் போனேன். அப்படிக் கிடைத்ததுதான் செலஸ்ட்ராக் இணையதளம். ஒரு வருஷமாகக் கிட்டத்தட்ட தினமும் திறக்கிறேன். தென்காசிப் பக்கம் ஓர் அரசுப் பள்ளியில் இயற்பியல் நடத்துபவன் என்ற முறையில் இதைப் பற்றி எழுதத் தோன்றியது.

டி.எஸ். கெல்சோ என்பவர் 1985ல் தொடங்கியது இது. இணையம் வீட்டுக்கு வராத காலத்திலிருந்தே, பூமியைச் சுற்றும் பொருட்களின் பாதை விவரங்களை யார் கேட்டாலும் கொடுத்து வருகிறார். காசு கிடையாது, பாஸ்வேர்டு கிடையாது. முதல் பக்கத்தில் படம், அலங்காரம் எதுவும் பெரிதாக இல்லை, எழுத்தும் எண்ணும்தான். அதனாலேயே எங்கள் ஹைடெக் லேபின் மெதுவான இணைப்பிலும் சட்டென்று திறக்கிறது. ஸ்டெல்லேரியம் என்ற இலவச மென்பொருள் இங்கிருந்தே தரவை எடுத்துக்கொள்கிறது. இப்போது அதைப் பார்த்துத்தான் பிள்ளைகளை மாடிக்கு அழைத்துப் போகிறேன்.

ஆனால் நான் சொல்ல வந்தது அதைப் பற்றி அல்ல.

முதல் பக்கத்தில் செயற்கைக்கோள்களை வகை பிரித்து வைத்திருக்கிறார்கள். விண்வெளி நிலையங்கள், வானிலை, வழிகாட்டி என்று போகும் அந்த வரிசையிலேயே, சீன ஆயுதச் சோதனைச் சிதறல், ரஷ்ய ஆயுதச் சோதனைச் சிதறல் என்று இரண்டு தலைப்புகள் இருக்கின்றன. பத்தாம் வகுப்புப் பெண் ஒருத்தி சீனத் தலைப்பைத் தட்டினாள். ஃபெங்யுன் 1சி என்ற பெயரே மேலிருந்து கீழ்வரை வந்துகொண்டிருந்தது. உருட்ட உருட்ட முடியவில்லை.

"சார், ஒரே பேரு ஏன் இத்தனை தடவை இருக்கு?"

ஒவ்வொரு வரியும் ஒரு துண்டு என்று சொன்னேன். 2007 ஜனவரி 11 அன்று சீனா தன்னுடைய பழைய வானிலைச் செயற்கைக்கோளை, சுமார் 860 கிலோமீட்டர் உயரத்தில், தரையிலிருந்து ஏவிய ஏவுகணையால் உடைத்தது. கண்காணிப்பில் சிக்கிய துண்டுகள் மட்டும் 3,000க்கு மேல். அப்படியானால் ஒவ்வொரு துண்டின் பதிவு எண்ணும் ஏன் 1999 என்று தொடங்குகிறது என்று கேட்டாள். நல்ல கேள்வி. உடைந்த துண்டு எதுவானாலும், அதன் தாய்ச் செயற்கைக்கோள் எந்த ராக்கெட்டில் போனதோ அந்த ஏவுதலின் எண்தான் அதற்கும். 1999-025 என்றால் 1999ல் 25ஆவது ஏவுதல். அதற்குப் பின்னால் ஆங்கில எழுத்துகள். ஒன்று, பூஜ்யம் என்ற எண்களோடு குழம்பும் என்பதால் ஐ, ஓ இரண்டையும் விட்டுவிடுவார்கள். மிச்சம் 24 எழுத்து. ஓரெழுத்து தீர்ந்து, ஈரெழுத்து தீர்ந்து, மூன்றெழுத்து வரை ஓடியிருக்கிறது. ஈரெழுத்தோடு நின்றிருந்தால் 600 துண்டுதான் என்று அவளே நோட்டில் பெருக்கிக் கூட்டிக் காட்டினாள்.

அடுத்ததாக நான் அதே தளத்தின் தேடல் பகுதியில் 2019-006 என்ற ஏவுதல் எண்ணைத் தட்டினேன். இதைத் தமிழ்நாட்டில் இருக்கும் ஒவ்வொருவரும் ஒருமுறை தட்டிப் பார்க்க வேண்டும். 2019 ஜனவரி 24 இரவு ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பிய பி.எஸ்.எல்.வி. சி44. அதன் நான்காம் கட்டத்தில்தான் சென்னை ஸ்பேஸ் கிட்ஸ் மாணவர்களின் கலாம்சாட் என்ற குட்டிச் செயற்கைக்கோள் பொருத்தப்பட்டிருந்தது, 1.26 கிலோ எடை. அதே ராக்கெட்டில் போன பெரிய கோள் மைக்ரோசாட்-ஆர். இரண்டு மாதம் கழித்து, மார்ச் 27 அன்று, ஒடிசாக் கரையோரம் அப்துல் கலாம் தீவிலிருந்து ஏவிய ஏவுகணை அதைச் சுமார் 280 கிலோமீட்டர் உயரத்தில் நொறுக்கியது. மிஷன் சக்தி என்று பெயர். பட்டியலில் அந்தத் துண்டுகள் வரிசையாக நிற்கின்றன. ஒவ்வொன்றுக்கும் எதிரே அது விழுந்து எரிந்த தேதி. 45 நாளில் எல்லாம் தீர்ந்துவிடும் என்றார்கள். ஓர் ஆண்டு கழிந்தும் சில சுற்றிக்கொண்டிருந்ததை அந்தத் தேதிகளே காட்டுகின்றன. தாழ்வான உயரத்தைத் தேர்ந்தெடுத்த நம் பொறியாளர்கள் சீனாவைவிடப் பொறுப்பாகத்தான் நடந்துகொண்டார்கள், அதில் சந்தேகமில்லை. இருந்தாலும் மாணவர்களின் கோளும் நொறுக்குவதற்கான இலக்கும் ஒரே எண்ணைப் பகிர்ந்துகொண்டு நிற்பதைப் பார்க்கும்போது எனக்கு மனசு கனக்கிறது.

இதையெல்லாம் தடுக்கச் சட்டம் இல்லையா என்று பிள்ளைகள் கேட்டார்கள். 1967ன் விண்வெளி ஒப்பந்தம் இருக்கிறது. அணு ஆயுதத்தையும் பேரழிவு ஆயுதங்களையும் சுற்றுப்பாதையில் வைக்கக் கூடாது, நிலவை அமைதிப் பணிகளுக்கு மட்டுமே பயன்படுத்த வேண்டும் என்று அதன் நான்காம் பிரிவு சொல்கிறது. தரையிலிருந்து ஏவுகணை விட்டு ஒரு கோளை உடைப்பதைப் பற்றி அதில் ஒரு வார்த்தை கிடையாது. அந்த ஓட்டை இன்னும் அப்படியே இருக்கிறது. தடை கொண்டுவந்தால் யார் மீறினார்கள் என்று எப்படிக் கண்டுபிடிப்பது என்பது பல ஆண்டுகளாகச் சொல்லப்படும் காரணம். உடைக்கும் சோதனையைப் பொறுத்தவரை அந்தக் காரணம் நிற்காது. உடைத்தால் துண்டு வரும். பத்து சென்டிமீட்டர் அளவு இருந்தால் ரேடாரில் சிக்கும். சிக்கினால் எண் விழும். தென்காசியில் இருக்கும் ஒரு பள்ளிக்கூடத்திலேயே பார்த்துவிடலாம்.

சாக்ரடீஸ் என்று இன்னொரு பகுதி உண்டு. அடுத்த ஏழு நாளில் எது எதற்குப் பக்கத்தில் வரப்போகிறது என்ற பட்டியல். ஒரு நாள் அதில் இரண்டு பொருட்கள் ஒன்றையொன்று நெருங்கும் வேகம் நொடிக்கு 14 கிலோமீட்டர் என்று போட்டிருந்தது. எங்கள் ஊரிலிருந்து தென்காசி பஸ் ஸ்டாண்டும் 14 கிலோமீட்டர்தான், டவுன் பஸ்ஸில் முக்கால் மணி நேரம். அதை ஒரே நொடியில் என்றதும் வகுப்பே அமைதியாகிவிட்டது. 2021 நவம்பர் 10 அன்று ஃபெங்யுன் துண்டு ஒன்றுக்கு வழிவிட விண்வெளி நிலையத்தை நகர்த்த வேண்டியிருந்தது. ஐந்தே நாளில், 15ஆம் தேதி, ரஷ்யா தன்னுடைய பழைய செயற்கைக்கோளான காஸ்மாஸ் 1408ஐ உடைத்தது; கண்காணிக்கத்தக்க துண்டுகள் 1,500க்கு மேல். நிலையத்தில் இருந்த ஏழு பேரும் திரும்பி வரும் கலங்களுக்குள் போய் ஒதுங்கினார்கள். அதில் இருவர் ரஷ்யர்கள்.

குறைகளும் உண்டு. முழுக்க ஆங்கிலம், சுருக்கெழுத்துகள் வேறு. தமிழில் ஒரு பக்கக் குறிப்பு எழுதி லேப் சுவரில் ஒட்டியிருக்கிறேன். தரவின் பெரும்பகுதி அமெரிக்க ராணுவத்தின் ரேடார்களிலிருந்து வருவதால், அவர்களுடைய ரகசியக் கோள்களின் பாதை இதில் கிடைக்காது. பத்து சென்டிமீட்டருக்குக் கீழான துண்டுகளும் பெரும்பாலும் இல்லை. ஒரு நட்டு மோதினாலே கோள் போய்விடும் எனும்போது இது சின்ன விஷயம் அல்ல. அப்புறம், ஒரு கோள் எங்கே இருக்கிறது என்று சொல்லுமே தவிர எதற்காக இருக்கிறது என்று சொல்லாது. பழுது பார்க்கப் போகும் இயந்திரக் கைக்கும் பக்கத்துக் கோளைப் பிடித்து முறிக்கும் கைக்கும் பட்டியலில் வித்தியாசமே தெரியாது. அதற்கு நாடுகள் உட்கார்ந்து பேசித்தான் ஆக வேண்டும்.

2022 டிசம்பரில் ஐ.நா. பொதுச்சபையில், இப்படி உடைக்கும் சோதனைகளை நடத்துவதில்லை என்று உறுதியளிக்கும்படி நாடுகளைக் கேட்கும் தீர்மானம் வந்தது. 155 நாடுகள் ஆதரித்தன. இந்தியாவும் இலங்கையும் வாக்களிக்காமல் ஒதுங்கிக்கொண்டன. இன்னொரு முறை உடைக்க மாட்டோம் என்று இந்தியா வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. நமக்கு முடியும் என்று காட்டியாகிவிட்டது.

இப்போது எங்கள் லேபில் வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியடில் இரண்டு பிள்ளைகள் இந்த வரிகளை எண்ணி நோட்டில் எழுதுகிறார்கள். காஸ்மாஸ் பட்டியல் ஒரே திரைக்குள் அடங்கிவிடுகிறது, பெரும்பாலானவை எரிந்துவிட்டன. ஃபெங்யுனுக்கு இன்னும் உருட்டிக்கொண்டே போக வேண்டியிருக்கிறது. நீங்களும் திறந்தால் முதலில் 2019-006, அடுத்து 1999-025. அலைபேசியில் எழுத்து மிகவும் பொடியாகத் தெரியும், கணினியிலேயே பாருங்கள்.