சின்ன டிக்கிக்கு எந்த சப்வூஃபர் பெட்டி: சீல்டா, போர்ட்டடா?

10 அங்குல சப்வூஃபரை (அடி பேஸுக்கான ஸ்பீக்கர்) ஹேட்ச்பேக் காரில் வைக்க வேண்டும், டிக்கியும் போகக் கூடாது.

போர்ட்டட் பெட்டியில், அதாவது காற்று போய்வரத் துளை வைத்த பெட்டியில், சத்தம் அதிகம், சரி. ஆனால் 40 லிட்டர் வரை இடம் கேட்கும். அந்தத் துளையை டியூன் செய்த அதிர்வெண்ணுக்குக் கீழே போனால் ஸ்பீக்கரின் கூம்புக்குப் பிடிமானமே இல்லை; வால்யூமை அதிகம் முறுக்கினால் ஸ்பீக்கர் போய்விடும்.

துளையில்லாமல் முழுக்க மூடிய சீல்டு பெட்டிக்குப் பெரும்பாலும் 15 முதல் 20 லிட்டர் போதும். உள்ளே அடைபட்ட காற்றே ஸ்பிரிங் போலக் கூம்பைப் பிடித்துக்கொள்ளும். அடி பேஸ் குறையும் என்பார்கள். மூடிய காருக்குள் அதில் பெரும்பகுதியைக் கேபினே ஈடுகட்டிவிடும். தலையணையில் அடைக்கும் பாலியஸ்டர் பஞ்சைக் கொஞ்சம் போட்டால், பெட்டி சற்றுப் பெரிதானதுபோல நடந்துகொள்ளும். 18 மி.மீ. எம்டிஎஃப் (மரநாரை அழுத்திச் செய்த) பலகையைப் பின்சீட்டின் சாய்வுக்கேற்பச் சரித்து அடித்தால் பெட்டி சீட்டோடு ஒட்டி உட்காரும்.

தெருவே அதிர வேண்டுமென்றால் போர்ட்டட். எனக்கு ஸ்டெப்னியை எடுக்க வழி வேண்டும், அதனால் சீல்டுதான்.