தீம் பார்க் கேம்கள்: இருபது வருடம் விளையாடியதில் தெரிந்துகொண்டது

தீம் பார்க் நடத்தும் கேம்களை நான் விளையாட ஆரம்பித்து இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. நடுவில் எத்தனையோ கேம்கள் வந்தன, போயின. இவற்றை மட்டும் விடவில்லை. புதிதாக வாங்க நினைக்கிறவர்கள் முதலில் கேட்பது, "இதில் அப்படி என்னதான் செய்வது?" என்பதுதான். காலி நிலமும் கொஞ்சம் கடனும் தருவார்கள். ராட்டினம் போட வேண்டும், கடை போட வேண்டும், ஆட்களை வரவழைக்க வேண்டும். சொல்லிப் பார்த்தால் அவ்வளவுதான். ரோலர்கோஸ்டர் கட்டும் ஆசையில்தான் எல்லோரும் உள்ளே வருகிறோம். வருடக்கணக்கில் என்னை உட்கார வைத்தது மட்டும் கோஸ்டர் இல்லை, கீழே நடமாடும் கூட்டம்.

எனக்கு இந்தப் பித்து பிடித்தது 1999-இல் வெளிவந்த ரோலர்கோஸ்டர் டைகூனில். கிறிஸ் சாயர் என்ற ஒரே மனிதர் அதன் நிரலைக் கிட்டத்தட்ட முழுவதும் அசெம்பிளி மொழியில் எழுதினார். படங்கள் சைமன் ஃபாஸ்டர், ஒலி அலிஸ்டர் பிரிம்பிள். செயலிக்கு மிக நெருக்கமான மொழி அசெம்பிளி. ஒவ்வொரு சின்ன வேலையையும் பிட்டுப் பிட்டு வைக்க வேண்டும், எழுதுகிறவருக்குப் பெரிய பாடு. அந்தப் பாட்டின் பலனை விளையாடும்போது கண்ணால் பார்க்கலாம். அன்றைய மெதுவான கம்ப்யூட்டரிலேயே ஆயிரக்கணக்கான பேர் ஆளுக்கொரு பசி, ஆளுக்கொரு தாகம், ஆளுக்கொரு பர்ஸ் என்று திரிந்தார்கள். அதில் யாரை வேண்டுமானாலும் கிளிக் செய்யலாம். கையில் எவ்வளவு பணம் மிச்சம், எந்த ரைடில் ஏறினார், எவ்வளவு தீவிரமான ரைடு அவருக்குப் பிடிக்கும், வயிறு புரட்டுகிறதா, இப்போது மனதில் என்ன ஓடுகிறது என்று எல்லாம் தெரியும்.

முதல் கட்டமான ஃபாரஸ்ட் ஃபிரான்டியர்ஸ் என்ற பூங்கா பெரிதாக எதுவும் கேட்பதில்லை. முதல் வருட அக்டோபர் முடிவில் பூங்காவில் 250 பேர் இருக்க வேண்டும், பூங்காவின் மதிப்பீடு 600-க்குக் குறையக் கூடாது. (இந்த கேமில் வருடம் என்பது மார்ச்சில் தொடங்கி அக்டோபரோடு முடிந்துவிடும். குளிர்காலமே கிடையாது.) நான் அதை முடித்த வேகத்தில் அடுத்த பூங்காவில் பாதைகளை அகல அகலமாகப் போட்டேன். பார்க்க நிஜமான பூங்கா மாதிரியே இருந்தது. சில மாதத்தில் மதிப்பீடு மளமளவென்று இறங்கியது. ரைடுகள் ஒழுங்காக ஓடுகின்றன, குப்பை இல்லை, விலையும் அதிகமில்லை. காரணம் பிடிபடவே இல்லை.

சரி என்று ஒருவரைக் கிளிக் செய்து பின்தொடர்ந்தேன். வீட்டுக்குப் போக வேண்டும் என்பதுதான் அவர் மனதில் இருந்தது, ஆனால் வாசல் கிடைக்கவில்லை. அந்த அகலப் பாதையில் நாலு சதுரக் கட்டம் முன்னே போவார், திரும்புவார், பக்கத்துக் கட்டத்துக்குத் தாவுவார், மறுபடி பழைய இடத்துக்கே வருவார். பத்து நிமிடம் பார்த்தேன். அவரைச் சுற்றி இன்னும் முப்பது நாற்பது பேர் அதே பாடு பட்டுக்கொண்டிருந்தார்கள். இந்த கேமில் வருகிறவர்கள் ஒவ்வொரு சந்திப்பிலும் வழியைத் தேடுகிறார்கள். ஒற்றைப் பாதையை இரண்டு மூன்று வரிசையாக அகலப்படுத்தினால் ஒவ்வொரு கட்டமுமே சந்திப்பாகிவிடும். அத்தனையையும் பெயர்த்துவிட்டு ஒற்றைப் பாதையாக மாற்றினேன். பிரிகிற இடங்களில் நுழையக் கூடாது என்ற பலகையை வைத்தேன். நான் பின்தொடர்ந்த அந்த ஆள் வாசலைத் தாண்டி வெளியே போனதைப் பார்த்தபோது வந்த நிம்மதி, எந்தக் கோஸ்டரைக் கட்டி முடித்தபோதும் வந்ததில்லை.

கோஸ்டர் கட்டுவதையும் நான் சாதாரணமாகச் சொல்லிவிட மாட்டேன். தண்டவாளத்தைத் துண்டு துண்டாகப் போட்டு முடித்து சோதனை ஓட்டம் விட்டால்தான் மூன்று மதிப்பெண்கள் வரும்: பரபரப்பு, தீவிரம், குமட்டல். ஆரம்பத்தில் எல்லோரும் செய்வதைத்தான் நானும் செய்தேன். உயரம் உயரம் என்று ஏற்றி, செங்குத்தாக இறக்கி, இறங்கிய வேகத்திலேயே தட்டையான வளைவில் திருப்பினேன். தீவிரம் 10-ஐத் தாண்டிவிட்டது. ரைடைத் திறந்து வைத்தும் ஒருத்தர் ஏறவில்லை. வாசல் வரை வந்து, பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்கள். அளவீடுகளில் பக்கவாட்டு ஜி விசை (வளைவில் ஆளைப் பக்கவாட்டில் தள்ளும் விசை) சிவப்பில் நின்றது, 2.8-ஐத் தாண்டினால் அது சிவப்பாகிவிடும், தீவிர மதிப்பெண்ணும் எகிறிவிடும். அந்த வளைவைச் சாய்வாக மாற்றி, முதல் இறக்கத்தை இரண்டு படி குறைத்தேன். வேறு எதையும் தொடவில்லை. அடுத்த சோதனையில் தீவிரம் 8-க்கு வந்தது, கொஞ்ச நேரத்தில் வரிசை நிரம்பிவிட்டது. நிஜக் கோஸ்டர்களில் வளைவு ஏன் உள்பக்கம் சாய்ந்திருக்கிறது என்பது பாடப் புத்தகத்தில் படித்தபோது எனக்கு ஏறவில்லை. அன்றைக்கு ஏறியது.

விபத்தும் உண்டு. ஒரு கோஸ்டரில் இரண்டு வண்டித் தொடர் விட்டிருந்தேன். ரைடு பழசாகியிருந்தது, பிரேக் செயலிழந்தது. வேகமாக வந்த தொடர் நிலையத்தில் நின்றிருந்த தொடரில் மோதியது. செய்திப் பெட்டியில் இறந்தவர்களின் எண்ணிக்கை வந்தது. அதற்கப்புறம் அந்த ரைடின் பக்கம் யாரும் வரவில்லை, பூங்காவின் பெயரும் கெட்டது. அன்றிலிருந்து கோஸ்டர் கட்டும்போது கடைசி மேட்டைக் கொஞ்சம் உயர்த்தி, வண்டி பிரேக் இல்லாமலேயே வேகம் குறைந்து நிலையத்துக்குள் வருகிற மாதிரி அமைக்கிறேன். பரிசோதனை இடைவெளியை 30 நிமிடத்திலிருந்து 10-ஆகக் குறைத்து, ஒவ்வொரு மெக்கானிக்குக்கும் ஒரு பகுதியைப் பிரித்துக் கொடுக்கிறேன். துப்புரவுக்காரர்களுக்கும் அப்படித்தான். இடம் ஒதுக்கி, புல் வெட்டும் வேலையை அவர்களிடமிருந்து எடுத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் மூலையில் புல் வெட்டிக்கொண்டிருப்பார்கள், வாந்தி எடுக்கிற ரைடின் வாசல் நாறிக்கிடக்கும். அந்த வாசலில் நாலு பெஞ்சும் போட்டுவிடுங்கள். தலை சுற்றியவர்கள் அதில் உட்கார்ந்து தெளிந்து எழுந்து போவார்கள்.

வரிசையைப் பற்றித்தான் நான் நிறையப் பேசுவேன், மன்னிக்க வேண்டும். நீளமான வரிசை பார்க்க வெற்றி மாதிரி இருக்கும். உள்ளே நிற்பவர்களைக் கிளிக் செய்து பார்த்தால் தெரியும், எவ்வளவு நேரமாக நிற்கிறோம் என்ற அலுப்பு ஒவ்வொருவர் மனதிலும் இருக்கும், மகிழ்ச்சி சொட்டுச் சொட்டாக இறங்கிக்கொண்டிருக்கும். வரிசையில் நிற்கிறவர் சாப்பிட வாங்க மாட்டார், குடிக்க வாங்க மாட்டார், வேறு ரைடுக்குப் போக மாட்டார். அவர் பணமும் நேரமும் அங்கேயே முடங்கிவிடுகிறது. அதனால் வரிசைப் பாதையைப் பாதியாக வெட்டினேன், ஓரத்தில் தொலைக்காட்சிப் பெட்டிகளை வைத்தேன், வண்டி நிலையத்தில் நிற்கும் குறைந்தபட்சக் காத்திருப்பு நேரத்தையும் குறைத்தேன். பூங்கா முழுவதும் கலகலப்பானது. நிஜ உலகத்தில் எங்கே வரிசையில் நின்றாலும் இப்போது எனக்கு இதே கணக்குதான் ஓடுகிறது.

விலை வைப்பது தனிக் கலை. மழை பிடித்ததும் தகவல் கூடத்தில் குடை வாங்கக் கூட்டம் மொய்க்கும். அப்போது விலையை ஏற்றினாலும் வாங்குவார்கள். 1994-இல் வந்த, புல்ஃபிராக் நிறுவனம் உருவாக்கிய தீம் பார்க் என்ற முன்னோடியில் இன்னும் வேடிக்கை, உருளைக்கிழங்கு வறுவலில் உப்பைக் கூட்டினால் குளிர்பானம் அதிகமாக விற்கும். நான் இரண்டையும் செய்து பார்த்திருக்கிறேன். இப்போது குடைக்கு ஒரே விலைதான் வைக்கிறேன், மழையில் நனைகிறவரிடம் கூட்டி வாங்க மனம் வருவதில்லை. கட்டத்தை முடிக்க அது தடையாக இருந்ததும் இல்லை.

அப்புறம் வந்தவை. 2004-இல் ஃபிரான்டியர் நிறுவனம் ரோலர்கோஸ்டர் டைகூன் 3-ஐ முப்பரிமாணத்தில் செய்தது. நாமே கட்டிய கோஸ்டரின் முன் இருக்கையில் கேமராவை வைத்து ஓட்டிப் பார்க்க முடிந்த முதல் இரவில் நான் தூங்கவில்லை. அதே நிறுவனத்தின் பிளானட் கோஸ்டர் 2016-இல் வந்தது. சுவர், கூரை, தூண் என்று ஒவ்வொரு துண்டையும் எந்தக் கோணத்திலும் வைக்கலாம், மற்றவர்கள் கட்டிப் பகிர்ந்ததை நம் பூங்காவில் இறக்கலாம். அழகு என்று வந்துவிட்டால் அதற்குப் பக்கத்தில் எதுவும் நிற்காது. ஒரே ஒரு கடைமுகப்பைக் கட்டுவதில் எனக்கு ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை போயிருக்கிறது, வருத்தமில்லை. நிர்வாகம்தான் வேண்டும் என்கிறவர்களுக்கு அது கொஞ்சம் லேசாகத் தெரியும். 2024-இல் வந்த இரண்டாம் பாகத்தில் நீச்சல் குளமும் நீர்ச்சறுக்கும் சேர்ந்திருக்கின்றன. இந்த முப்பரிமாண கேம்களுக்கு நல்ல கம்ப்யூட்டர் வேண்டும், கூட்டம் பெருகப் பெருகத் திரை திணற ஆரம்பிக்கும்.

நிர்வாகப் பக்கம் எனக்கு மிகவும் பிடித்தது 2018-இல் முழுமையாக வெளிவந்த பார்க்கிடெக்ட். அதில் கடைச் சரக்கு தானாக வந்துவிடாது. கிடங்கிலிருந்து பணியாளர்கள் பெட்டி பெட்டியாகத் தூக்கிக்கொண்டு போய் நிரப்ப வேண்டும். அந்தச் சுமையும் கிடங்கும் பார்வையாளர் கண்ணில் பட்டால் அவர்களுக்குப் பிடிக்காது. ஆகவே பின்வழி ஒன்று போட்டு, சுவரும் மரமும் வைத்து மறைக்க வேண்டும். அலங்காரம் வேறு, நிர்வாகம் வேறு என்று அதில் பிரிக்கவே முடியாது.

போனில் ஒரு பூங்கா கேமையும் மூன்று மாதம் விளையாடினேன், பெயர் வேண்டாம். ராட்டினம் கட்ட ஆறு மணி நேரம் காத்திரு, இல்லையென்றால் பணம் கட்டு என்றது. அதில் வருகிற மனிதர்களைக் கிளிக் செய்தால் ஒன்றுமே நடக்காது. அழித்துவிட்டேன். போனில்தான் விளையாட வேண்டுமென்றால் ரோலர்கோஸ்டர் டைகூன் கிளாசிக் இருக்கிறது, முதல் இரண்டு பாகங்களையும் சேர்த்துச் செய்தது.

இன்றைக்கு நான் அதிகம் திறப்பது ஓப்பன்ஆர்சிடி2. ஆர்வலர்கள் ரோலர்கோஸ்டர் டைகூனின் இரண்டாம் பாகத்தைத் திறந்த மூலமாக (நிரலை யாரும் பார்க்கலாம், மாற்றலாம்) திருப்பி எழுதியது. அசல் கேமின் கோப்புகள் நம்மிடம் இருக்க வேண்டும், அவ்வளவுதான். நேரத்தை வேகமாக ஓட்டலாம், நண்பர்களோடு ஒரே பூங்காவைக் கட்டலாம். புதிதாக ஆரம்பிக்கிறவர்களுக்கும் இதையேதான் சொல்வேன். முதலில் ஒரு சின்னப் பூங்கா, மூன்று ரைடு, ஒரு கடை, ஒற்றைப் பாதை. அதை ஓடவிட்டு, ஒரே ஒருவரைக் கிளிக் செய்து, அவர் வாசலில் நுழைந்ததிலிருந்து வெளியே போகும் வரை கூடவே போய்ப் பாருங்கள்.

இப்போது ஓடும் என் பூங்காவில் ஓர் ஏரி இருக்கிறது. பார்வையாளர் ஒருவருக்கு சைமன் ஃபாஸ்டர் என்று பெயர் மாற்றினால் அவர் அங்கங்கே நின்று படம் வரைவார். கேமை வரைந்தவருக்காக உள்ளே வைத்திருக்கும் சின்ன மரியாதை அது. நேற்று இரவு ஒருவருக்கு அந்தப் பெயரை வைத்தேன். ஏரிக்கரைப் பாதையில் நின்று வரைய ஆரம்பித்தார். அவர் நின்ற இடத்துக்குப் பக்கத்தில் ஒரு பெஞ்சும் குப்பைத்தொட்டியும் வைத்துவிட்டுத்தான் கம்ப்யூட்டரை அணைத்தேன்.