பினாங்கு மழையிலும் வெயிலிலும் பழைய இஸ்வாரா: இக்னிஷன் கோளாறைப் பிடிக்கும் வழி, தாங்கிய பொருள், தாங்காத பொருள்

புரோட்டான் கம்பெனியின் பழைய சாகாவிலும் இஸ்வாராவிலும் இருப்பது மிட்சுபிஷியின் 4ஜி13, 4ஜி15 என்ஜின்கள். கார்புரேட்டரும் (பெட்ரோலைக் காற்றோடு கலப்பது) டிஸ்ட்ரிபியூட்டரும் (தீப்பொறிக்கான மின்சாரத்தைச் சிலிண்டர்களுக்குப் பிரித்தனுப்புவது) உள்ள வண்டி என்பதால் கோளாறு பார்க்கக் கம்ப்யூட்டரே தேவையில்லை. ஒரு மல்டிமீட்டர், ஒரு டெஸ்ட் லைட், ஒரு ஸ்பார்க் டெஸ்டர், ஒரு டைமிங் லைட் போதும். ஆனால் பெரும்பாலான கடைகளில் நடப்பது வேறு. வண்டி இழுக்கவில்லை என்றதும் பிளக், கேபிள், கேப் (டிஸ்ட்ரிபியூட்டரின் மூடி), காயில் (பேட்டரி மின்சாரத்தை ஹை வோல்டேஜாக ஏற்றும் சுருள்) என்று எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றிவிடுவார்கள். கோளாறு போனாலும் எது கெட்டிருந்தது என்று தெரியாது, போகாவிட்டால் செலவு மட்டும் மிச்சம்.

நீண்ட நாள் ஓட்டத்தில் நன்றாகப் பயன்பட்ட கேள்வி ஒன்றுதான்: கோளாறு நனைந்தால் வருகிறதா, சூடேறினால் வருகிறதா? நனைந்தால் வருவது ஹை வோல்டேஜ் பக்கம்: கேபிள், கேப், ரோட்டர் (கேப்புக்குள் சுற்றும் துண்டு), காயிலின் தலை. சூடேறினால் வருவது பெரும்பாலும் இக்னைட்டர் (காயிலுக்கு மின்சாரத்தை விட்டு விட்டு நிறுத்தும் எலக்ட்ரானிக் சுவிட்ச்), பிக்கப் காயில் (அந்தச் சுவிட்சுக்குச் சைகை தரும் சுருள்), இக்னிஷன் காயிலின் உள்சுருள்.

அதற்கு முன் பெட்ரோலா, தீப்பொறியா என்பதைப் பிரித்துவிட வேண்டும். பெட்ரோல் தீர்ந்தால் என்ஜின் தயங்கித் தயங்கி இறங்கும். தீப்பொறி போனால் சுவிட்சை அணைத்த மாதிரி சட்டென்று நிற்கும். ஆர்பிஎம் மீட்டர் உள்ள வண்டியில் இன்னும் எளிது. கியரில் உருண்டுகொண்டிருக்கும்போதே முள் பூஜ்ஜியத்துக்கு விழுந்தால் காயிலின் பிரைமரி பக்கம், அதாவது பேட்டரி மின்சாரம் வரும் பக்கம், செத்துவிட்டது என்று அர்த்தம்.

முதலில் மழைக் கோளாறு. இரவு முழுக்க மழை பெய்து, காலையில் ஸ்டார்ட்டர் நன்றாகச் சுற்றியும் என்ஜின் பிடிக்காவிட்டால், அல்லது ஜாலான் பி. ரம்லி பக்கம் தேங்கிய தண்ணீரில் ஏறி இறங்கியதும் நான்கில் மூன்று சிலிண்டரில் மட்டும் ஓடினால், இரவில் இருட்டான இடத்தில் பானெட்டைத் திறந்து ஐடிலில் விடுங்கள். சாதாரண ஸ்பிரே பாட்டிலில் தண்ணீரைப் புகைபோல் கேபிள்மேல் அடியுங்கள், கையை மட்டும் தூரமாக வைத்துக்கொள்ளுங்கள். கசியும் இடத்தில் நீலப் பொறி ஊர்வது கண்ணுக்குத் தெரியும், ‘டிக் டிக்’ என்ற சத்தமும் வரும். கேபிளில் எதுவும் இல்லையென்றால் என்ஜினை அணைத்து, கேப்பைக் கழற்றி உட்புறத்தை வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். இரண்டு முனைகளுக்கு இடையே பென்சிலால் கிறுக்கிய மாதிரி மெல்லிய கருங்கோடு இருந்தால் அது கார்பன் தடம். மின்சாரம் அந்த வழியே போய்ப் பழகிவிட்டது. சாண்ட்பேப்பரால் தேய்த்தால் சில நாள் ஓடும், அடுத்த மழையில் மறுபடி வரும். கேப்பை மாற்றத்தான் வேண்டும். தண்ணீர் விரட்டும் ஸ்பிரேயும் வீடு போய்ச் சேர மட்டுமே உதவும்.

கேபிள் மாற்றும்போது ஒவ்வொன்றாகக் கழற்றி மாட்டுங்கள். ஃபயரிங் ஆர்டர், அதாவது சிலிண்டர்களுக்குப் பொறி போகும் வரிசை, 1-3-4-2. இரண்டு கேபிள் இடம் மாறினால் கார்புரேட்டர் வழியாகவே வெடிக்கும். மல்டிமீட்டரில் கேபிளின் ரெசிஸ்டன்ஸ் நீளத்துக்குத் தக்கபடி சில ஆயிரம் ஓம் காட்டும். 20,000 ஓமைத் தாண்டினாலோ, வளைக்கும்போது அளவு குதித்தாலோ அந்தக் கேபிள் முடிந்தது.

சூட்டுக் கோளாறுதான் ஆளை அலைக்கழிக்கும். பினாங்குப் பாலத்து ஜாமில் நின்றுவிடும், அரை மணி நேரம் கழித்து ஒன்றும் நடக்காத மாதிரி ஸ்டார்ட் ஆகும், போமன் (மெக்கானிக்) பார்க்கும்போது எல்லாம் சரியாக இருக்கும். அதனால் பரிசோதனை, வண்டி நின்ற அந்தச் சூட்டிலேயே நடக்க வேண்டும். டெஸ்ட் லைட்டின் கிளிப்பை பேட்டரி நெகட்டிவில் மாட்டி, சாவியை ஆனில் வைத்துக் காயிலின் பிளஸ் முனையைத் தொடுங்கள். விளக்கு எரியாவிட்டால் ஃபியூஸ், இக்னிஷன் சுவிட்ச், வயர். எரிந்தால் அடுத்து மைனஸ் முனையைத் தொட்டு ஒருவரை ஸ்டார்ட்டர் சுற்றச் சொல்லுங்கள். விளக்கு மினுக்க வேண்டும். மினுக்கவில்லையென்றால் டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இக்னைட்டரோ பிக்கப்போ. மினுக்கியும் காயிலின் நடுக் கேபிளில் பொறி இல்லையென்றால் காயில். அங்கே பொறி இருந்து பிளக்கில் மட்டும் இல்லையென்றால் ரோட்டர் அல்லது கேப். இவ்வளவையும் காரில் இருக்கும் சின்னப் பெட்டியை வைத்துச் சாலையோரத்திலேயே பார்த்துவிடலாம்.

காயிலின் பிரைமரி சுமார் 1.2 ஓம். மீட்டரின் இரண்டு முனையையும் ஒன்றோடொன்று தொட்டு வரும் அளவைக் கழித்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் நல்ல காயிலும் கெட்டதாகத் தெரியும். ஆறியபின் அளப்பதில் பயனில்லை; உள்ளே அறுந்த சுருள் குளிர்ந்ததும் தொட்டுக்கொள்ளும்.

இக்னைட்டர் மாற்றும்போது அதன் அடியில் வெப்பம் கடத்தும் பேஸ்ட் தடவ வேண்டும். ‘புதுசு போட்டும் தாங்கவில்லை’ என்ற புகார் பலவற்றுக்குக் காரணம் அந்தப் பேஸ்ட் இல்லாததே. ஹாஃப்கட் கடையில் (பழைய கார்களின் உதிரிப் பொருள் விற்கும் கடை) டிஸ்ட்ரிபியூட்டர் வாங்கலாம், ஷாஃப்டைப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள், ஆடினால் வேண்டாம். உள்ளே இருக்கும் இக்னைட்டரை மட்டும் நம்ப வேண்டாம், எத்தனை ஆண்டு வெந்ததோ.

ஒரு எச்சரிக்கை. ஓடும் என்ஜினில் பிளக் கேபிளைப் பிடுங்கி எந்த சிலிண்டர் என்று பார்க்கும் பழக்கம் இங்கே பரவலாக இருக்கிறது. பொறிக்குப் போக வழியில்லாவிட்டால் வோல்டேஜ் ஏறி, நல்ல காயிலும் இக்னைட்டரும் கெட்டுவிடும். கைக்கும் அடி விழும்.

சாவியைத் திருப்பும்போது பிடித்து, கையை விட்டதும் அணைந்தால் பெரும்பாலும் சுவிட்சின் கான்டாக்ட் தேய்ந்திருக்கும். பேட்டரி பிளஸுக்கும் காயில் பிளஸுக்கும் இடையே, என்ஜின் ஓடும்போது அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் அந்த வழியில் எங்கோ இழப்பு இருக்கிறது.

பிளக்கைப் பொறுத்தவரை இந்த என்ஜினுக்கு என்ஜிகே பிபிஆர்6ஈஎஸ்-11 போதும். கடைசி 11 என்பது 1.1 மில்லிமீட்டர் இடைவெளி. தேய்ந்து 1.3 ஆனால் ஐடிலில் தெரியாது. பாயா தெருபோங் ஏற்றத்தில் மூன்றாம் கியரில் அழுத்தும்போது குலுங்கும். சிலிண்டருக்குள் அழுத்தம் கூடக் கூடப் பொறி தாண்ட அதிக வோல்டேஜ் வேண்டும். பிளக்கை வெளியே எடுத்துப் பொறி பார்த்துவிட்டு ‘நன்றாகத்தானே வருகிறது’ என்று சொல்வது இதனால்தான் ஏமாற்றும். இரிடியம் பிளக் அதிக நாள் உழைக்கும், அவ்வளவுதான். இந்த என்ஜினில் இழுவை கூடவில்லை, அந்தக் காசை நல்ல கேபிளில் போடலாம். புதுப் பிளக்கைக் கையால் கடைசிவரை திருகியபின் ஸ்பேனரில் அரைச் சுற்று போதும். ஹெட் அலுமினியம், மரை போனால் பெரிய வேலை.

கேப்பில் பித்தளை முனை உள்ளதையே கேட்டு வாங்குங்கள். தஞ்சோங் தோக்கோங், பத்து ஃபெரிங்கி போன்ற கடலோரத்தில் நிற்கும் வண்டியில் அலுமினிய முனை சீக்கிரமே வெள்ளைப் பொடி பூக்கிறது. சிலிக்கோன் உறை கேபிளும் சூட்டில் வெடிக்காமல் நின்றது.

கடைசியாக டைமிங், அதாவது பொறி வரும் நேரம். பானெட் அடி ஸ்டிக்கரில் உள்ள டிகிரிக்கு, டிஸ்ட்ரிபியூட்டருக்கு வரும் வேக்குவம் குழாயைக் கழற்றி அடைத்துவிட்டுச் சரிபார்க்க வேண்டும். அதே குழாயை டிஸ்ட்ரிபியூட்டரில் மாட்டி, மறுமுனையை வாயில் வைத்து உறிஞ்சினால் காற்று தொடர்ந்து வரக்கூடாது. வந்தால் டயஃப்ராம் (உள்ளே இருக்கும் சவ்வு) கிழிந்திருக்கிறது. பெட்ரோல் அதிகம் குடிப்பதற்கு அதுவும் ஒரு காரணம். டிஸ்ட்ரிபியூட்டர் கழற்றியிருக்கும் நேரத்திலேயே ஷாஃப்டின் ஓ-ரிங், ஆயில் சீல் இரண்டையும் மாற்றிவிடுங்கள். கேப்புக்குள் எண்ணெய் புகுந்தால் புதுப் பொருளும் வழுக்கும் அழுக்கில்தான் வேலை செய்யும்.