தொடக்ககால அமெரிக்க இலக்கியத்துக்கான கலைச்சொல் அட்டைகள்: இரண்டு மாதம் படித்தபின் ஒரு மதிப்பீடு

முதுகலை ஆங்கில இலக்கியத்தில் அமெரிக்க இலக்கியத் தாளின் முதல் அலகுக்காக, 80 அட்டைகள் கொண்ட இந்தத் தொகுப்பை 350 ரூபாய்க்கு இணையத்தில் வாங்கினேன். முன்பக்கத்தில் ஒரு சொல்லும் பின்பக்கத்தில் நான்கைந்து வரி விளக்கமுமாக அமைந்த இவற்றின் தாளிலும் அச்சிலும் குறை இல்லை.

தொகுப்பின் சிறந்த அட்டை பியூரிட்டன்களையும் பிரிவினையாளர்களையும் வேறுபடுத்துவது. 1620இல் மேஃபிளவர் கப்பலில் வந்த வில்லியம் பிராட்ஃபோர்டின் குழுவினர் இங்கிலாந்துத் திருச்சபையை விட்டு விலகிய பிரிவினையாளர்கள். 1630இல் ஜான் வின்த்ரப்பின் தலைமையில் மாசசூசெட்ஸ் விரிகுடாவுக்கு வந்தவர்களோ அதற்குள் இருந்தபடியே அதைத் தூய்மைப்படுத்த விரும்பிய பியூரிட்டன்கள். பல வழிகாட்டி நூல்கள் இருவரையும் ஒரே பெயரில் அடக்கிவிடுவதால் பிராட்ஃபோர்டு எழுதிய குடியேற்ற வரலாற்றில் ஒலிக்கும் நாடிழந்தவரின் குரல் மாணவருக்குக் கேட்காமலே போகிறது.

‘உடன்படிக்கை’ அட்டையும் அதே தரத்தில் உள்ளது. வின்த்ரப்பின் ‘மலைமேல் பட்டணம்’ என்ற தொடரைப் பலரும் பெருமிதமாகவே மேற்கோள் காட்டுகிறார்கள். ஆனால் மத்தேயு நற்செய்தியின் 5ஆம் அதிகாரத்திலிருந்து அவர் எடுத்தாண்ட அந்தத் தொடர், கடவுளோடு செய்த உடன்படிக்கையில் தவறினால் உலகத்தார் வாயில் பழிச்சொல்லாவோம் என்ற அச்சத்தோடு சேர்ந்தே வருகிறது என்பதை இந்த அட்டை எடுத்துச் சொல்கிறது. தமிழ் விவிலியம் வாசித்தவர்களுக்கு உடன்படிக்கை, கிருபை, தெரிந்துகொள்ளப்பட்டவர்கள் (கடவுள் தேர்ந்தெடுத்தவர்கள்) ஆகிய சொற்கள் முன்பே பழகியவை. அந்தப் பழக்கம் இந்தக் காலத்து இலக்கியத்தைப் படிக்க ஆங்கில அகராதியைவிட எனக்கு அதிகம் உதவியது.

‘ஜெரமையாட்’ அட்டைதான் பெரிய ஏமாற்றம். எரேமியா தீர்க்கதரிசியின் பெயரால் வழங்கும் இந்த உரைவகையை அது ‘புலம்பல்’ என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறது. முன்னோரின் பக்தியிலிருந்து வழுவிய தலைமுறையைக் கடிந்து, வறட்சியையும் நோயையும் போரையும் கடவுளின் சிட்சையாகக் காட்டி, மனந்திரும்பினால் மீட்பு உண்டு என்று உறுதி தருவதே அதன் முழு வடிவம். அந்த நம்பிக்கைப் பகுதியை விட்டுவிட்டால், 1676இல் மாசசூசெட்ஸின் லங்காஸ்டரில் பூர்வகுடிகளால் சிறைபிடிக்கப்பட்ட மேரி ரோலண்ட்சன் 1682இல் வெளியான தம் நூலில் தாம் வீணாக்கிய ஓய்வுநாள்களை ஏன் நினைத்து வருந்துகிறார் என்பது விளங்காது.

‘முன்னடையாளவியல்’ அட்டையிலும் எடுத்துக்காட்டு இல்லை. பழைய ஏற்பாட்டின் ஆட்களும் நிகழ்வுகளும் கிறிஸ்துவை முன்னறிவிக்கின்றன என்ற வாசிப்பு முறையைப் பியூரிட்டன்கள் தங்கள் கடற்பயணத்துக்கும் நீட்டி, தங்களை இஸ்ரவேலராகவும் புதிய நிலத்தைக் கானானாகவும் கண்டார்கள் என்ற ஒரு வரியாவது சேர்த்திருக்கலாம்.

பதினெட்டாம் நூற்றாண்டுக்கான அட்டைகள் தேர்வுக்குப் போதுமானவை: பெரும் விழிப்புணர்வு என்ற சமய எழுச்சியும் 1741இல் என்ஃபீல்டில் ஜோனதன் எட்வர்ட்ஸ் ஆற்றிய பிரசங்கமும், கடவுளைப் பகுத்தறிவால் அறியலாம் என்ற இயற்கைச் சமயவாதமும், பிராங்க்ளினின் 13 நற்பண்புகளும் சரியாகவே உள்ளன. ஆனால் ஃபிலிஸ் வீட்லிக்கு 1773ஆம் ஆண்டுக் கவிதைத் தொகுதியின் பெயர் மட்டுமே கிடைத்திருக்கிறது. ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்டதைப் பற்றிய அவருடைய எட்டடிக் கவிதையில், அடிமையாக விற்கப்பட்ட ஒரு பெண் கிறிஸ்தவர்களின் மீட்புச் சொற்களையே எடுத்து அவர்களுக்கு நினைவூட்டுகிறார். கலைச்சொல் கற்பிக்க அதைவிட நல்ல இடம் இந்தக் காலத்தில் இல்லை என்பது என் கருத்து. பூர்வகுடிகளின் வாய்மொழிப் படைப்புக் கதைகளுக்கும், 1772இல் ஆற்றிய பிரசங்கம் அச்சேறிய மொஹீகன் பூர்வகுடிப் போதகர் சாம்சன் ஆக்கம் (Samson Occom) என்பவருக்கும் ஓர் அட்டைகூட இல்லாதது மன்னிக்க முடியாத விடுபாடு.

மூலப் பாடங்களைக் கையில் வைத்திருப்பவர்கள் தாராளமாக வாங்கலாம். நான் ஒவ்வோர் அட்டையின் ஓரத்திலும் அந்தச் சொல் உயிரோடு நிற்கும் ஒரு நூலின் பெயரையும் ஆண்டையும் பென்சிலால் எழுதிவைத்துப் படித்தேன். அட்டைகளை மட்டும் நம்பித் தேர்வுக்குப் போக நினைப்பவர்களுக்கு இதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.