ஹீட்டர் வாங்குவதா, ஜன்னல் சந்துகளை அடைப்பதா?

ஊட்டியில் உறைபனி விழ ஆரம்பித்தால் கடைகளில் ரூம் ஹீட்டர்கள் முன்வரிசைக்கு வந்துவிடும். 2,000 வாட் ஹீட்டர் ஒரு மணி நேரம் ஓடினால் 2 யூனிட். தினமும் 4 மணி நேரம் என்றால், இரண்டு மாத பில்லில் அது மட்டுமே 480 யூனிட். முதல் 100 யூனிட் இலவசம்தான். ஆனால் மேலே போகப் போக யூனிட் விலையும் ஏறுமே! சுவிட்ச் போட்டதும் சூடு வரும், அணைத்ததும் போய்விடும். கைக்குழந்தையோ வயதானவர்களோ இருக்கும் வீட்டில் ஹீட்டர் வேண்டும்தான், மறுக்கவில்லை.

குளிர்காற்று நுழையும் சந்துகளை அடைப்பதற்கு பில்லே கிடையாது. ஊதுபத்தியைக் கொளுத்தி, மர ஜன்னல் சட்டத்தின் ஓரமாக மெதுவாக நகர்த்துங்கள். புகை எங்கே சட்டென்று வளைகிறதோ, அங்கேதான் காற்று நுழைகிறது. அந்த இடத்தில் ஃபோம் டேப் ஒட்டினால் போதும். கதவடிக்குப் பழைய போர்வையைச் சுருட்டி வைக்கலாம். தகரக் கூரை வீடு என்றால் கீழே பலகை சீலிங் போடுவதுதான் பெரிய செலவு. சூடான காற்று மேலேதானே ஏறும்? அதனால் பலனும் அங்கேதான் அதிகம்.

என்னைக் கேட்டால் முதலில் அடைப்பு, அப்புறம் தேவைப்பட்டால் சின்ன ஹீட்டர். ஆனால் அறைக்குள் கரி அடுப்பு வைக்கும் பழக்கம் இருந்தால் சந்துகளை அடைக்கவே கூடாது. அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, தூக்கத்திலேயே ஆளைக் கொன்றுவிடும். கேஸ் கீசர் உள்ள குளியலறை வென்டிலேட்டரையும் தொடாதீர்கள்.