விற்காத ஓவியங்களுக்கு ஒரு கணக்கு: என் கூகுள் ஷீட் அனுபவம்

ஓவியருக்கு விற்ற படத்தைவிட விற்காத படம்தான் அதிக வேலை வைக்கும். விற்றது போய்விடும். மீதியெல்லாம் ஸ்டுடியோ சுவரோரம், அம்மா வீட்டுப் பரண், இரண்டு மூன்று காலரிகள் என்று சிதறிக் கிடக்கும். ஈஞ்சம்பாக்கத்தில் இருந்துகொண்டு இருநூற்றுக்கும் மேற்பட்ட படங்களைப் பல வருடமாக ஒரு கூகுள் ஷீட்டில்தான் பார்த்துக்கொள்கிறேன். ஆர்ட்வொர்க் ஆர்க்கைவ் போன்ற கட்டணச் செயலிகளும் இருக்கின்றன. உதவியாள் இல்லாத ஓவியருக்கு ஷீட்டே போதும் என்பது என் முடிவு. ஆனால் அதில் இரண்டு தாள் கட்டாயம் வேண்டும்.

முதல் தாளில் படத்துக்கு ஒரு வரி. எண், தலைப்பு, ஊடகம் (எண்ணெய் வண்ணமா, அக்ரிலிக்கா என்பது), அளவு, வருடம், விலை. எண் 2021-034 என்பதுபோல வருடத்தில் தொடங்கும். அதே எண்ணை ஸ்ட்ரெட்சர் கட்டையில், அதாவது கேன்வாஸை இழுத்துக் கட்டும் மரச்சட்டத்தில், பென்சிலால் எழுதிவிடுவேன். கேன்வாஸின் முதுகில் மார்க்கரால் எழுதினால் மை முன்பக்கம் ஊறி வரக்கூடும். புகைப்படக் கோப்புக்கும் அந்த எண்தான் பெயர்.

இரண்டாவது தாள்தான் இதற்கு உயிர். படம் இடம் மாறும் ஒவ்வொரு முறையும் புது வரி போடுவேன். தேதி, எங்கிருந்து எங்கே, யார் வாங்கி வைத்தார், சலான் (படத்தோடு அனுப்பும் ஒப்படைப்புச் சீட்டு) எண், எப்போது திரும்ப வேண்டும். பழைய வரியை அழிப்பதே இல்லை. ஒரு காலரி, படத்தை எப்போதோ திருப்பி அனுப்பிவிட்டோம் என்று சாதித்தது. இந்தத் தாளையும் அவர்கள் கையெழுத்துப் போட்ட சலானையும் காட்டிய பிறகு தேடினார்கள். படம் அவர்கள் கிடங்கிலேயே இருந்தது.

சலான் என்றதும் ஜிஎஸ்டி பயம் பலருக்கு வருகிறது. காட்சிக்காகக் காலரிக்குப் படம் அனுப்புவது விற்பனை ஆகாது, வாங்குபவர் தேர்ந்தெடுக்கும்போதுதான் வரிக் கணக்கு தொடங்கும் என்று 2017 டிசம்பரில் வந்த 22/22/2017 சுற்றறிக்கை தெளிவாகச் சொல்கிறது. அதுவரை டெலிவரி சலான் போதும், தேவைப்பட்டால் இ-வே பில்லும் (சரக்கு கொண்டுபோவதற்கான மின்னணுச் சீட்டு) சேரும்.

விலைக்கு ஒரே ஒரு கட்டம்தான் வைத்திருக்கிறேன். காலரி கமிஷன் 30 முதல் 50 சதவீதம் வரை போகிறது. வீட்டுக்கு நேரில் வருபவருக்கு அதைக் கழித்துக் கொடுக்கலாமே என்று தோன்றும். கொடுப்பதில்லை. இரண்டு விலை இருப்பது வெளியே தெரிந்தால் அந்தக் காலரி அடுத்த முறை கூப்பிடாது.

ஷீட்டில் பிறகு சேர்த்த ஒரு நெடுவரிசை 'நிலை', அதாவது படம் இப்போது எப்படி இருக்கிறது என்பது. அதைத் தொடங்கிய பிறகுதான் சேமிப்பு முறையே மாறியது. எண்ணெய் வண்ணம் இருட்டில் நெடுநாள் இருந்தால் ஆளி விதை எண்ணெய் மஞ்சளிக்கும். வெளிச்சத்தில் வைத்தால் பெரும்பாலும் தெளியும். அதனால் எந்தப் படம் எப்போதிலிருந்து மூடிக் கிடக்கிறது என்பது தெரிந்தே ஆகவேண்டும். அக்ரிலிக் வேறு மாதிரி. நம் ஊர் வெயிலில் அந்தப் படலம் இளகும், பபிள் ராப்பை நேராகச் சுற்றினால் குமிழ் அச்சு அப்படியே பதிந்துவிடும். முதலில் ஒட்டிக்கொள்ளாத சிலிகோன் பூசிய தாள், அதன்மேல்தான் பபிள் ராப். கடல் காற்றில் சாதாரண ஸ்டேப்பிள் பின் துருப்பிடித்துத் துணியையே அரிக்கிறது, ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் வாங்குங்கள். ஐப்பசி, கார்த்திகையில் வெளிச்சுவரை ஒட்டி எதையும் சாய்க்காதீர்கள், தரையிலிருந்து தூக்கியே வையுங்கள். சுருட்டித்தான் ஆகவேண்டும் என்றால் அகலமான குழாயில், வண்ணப் பக்கம் வெளியே இருக்கும்படி.

இவ்வளவு உழைப்புக்கும் கிடைத்த பெரிய பலன் நான் எதிர்பார்க்காதது. இடமாற்றத் தாளில் ஒரு வரிகூட இல்லாத படங்களைத் தனியாகப் பிரித்துப் பார்த்தேன். மிச்சம், போணியாகாதவை என்று மனதில் ஒதுக்கியிருந்ததில் பாதிக்கு மேல் ஸ்டுடியோவைத் தாண்டியதே இல்லை. யாருமே பார்க்காததை எப்படிப் பிடிக்கவில்லை என்று சொல்வது? அதன் பிறகு கேன்வாஸை வெள்ளையடித்து மறுபடி பயன்படுத்துவதாக இருந்தாலும், பாதி விலைக்குத் தள்ளுவதாக இருந்தாலும், முதலில் அந்தப் படம் ஒரு முறையாவது வெளிச் சுவரில் ஏறியிருக்கிறதா என்று தாளில் பார்க்கிறேன். குழுக் கண்காட்சிக்கு யாராவது படம் கேட்டால் அந்தப் பட்டியலிலிருந்துதான் கொடுக்கிறேன்.