அக்வாவில் திரும்பத் திரும்ப எரியும் இஞ்சின் விளக்கு: ஈஜிஆர் பிழையோடு நீண்டகாலப் பழக்கம்

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்படுமுன் வந்த டொயோட்டா அக்வா ஹைப்ரிட் கார்கள் யாழ்ப்பாணத்தில் இன்னும் நிறையவே ஓடுகின்றன. 1.5 லீற்றர் 1என்இசட்-எஃப்எக்ஸ்இ இஞ்சின்; பெற்றோல் சிக்கனத்தில் குறை சொல்ல இடமில்லை. வயது போகப் போகத் தலைகாட்டும் தொல்லை பி0401, அதாவது ஈஜிஆர் புகை போதாது என்ற பிழைக் கோட். எரிந்த புகையில் ஒரு பகுதியைத் திரும்ப இஞ்சினுக்குள் விடும் அமைப்புத்தான் ஈஜிஆர். கராஜுகளில் வழமையாகச் செய்வது வால்வைக் கழற்றிக் கழுவிப் பூட்டுவது. சில மாதத்தில் அதே விளக்கு. புகை முதலில் கூலருக்குள் குளிர்ந்து, பிறகு வால்வைக் கடந்து, கடைசியில் இன்டேக் மனிபோல்ட்டின் (காற்றைச் சிலிண்டர்களுக்குப் பிரிக்கும் குழாய்த்தொகுதி) சிறு துளைகளால் நான்கு சிலிண்டருக்கும் பிரிகிறது. கரி மூன்று இடத்திலும் படியும்போது ஒன்றை மட்டும் கழுவுவது வீண்செலவு.

இந்தக் கோட் எப்போது விழுகிறது என்று தெரிந்தால் பாதிக் குழப்பம் தீரும். பெற்றோல் வெட்டப்பட்டு இஞ்சின் சும்மா சுழலும் நேரத்தில் ஈசியு, அதாவது இஞ்சினின் கணினி, வால்வைத் திறந்து பார்க்கும். மனிபோல்ட் அழுத்தம் எதிர்பார்த்த அளவு ஏறாவிட்டால் பிழை. அடுத்தடுத்து இரண்டு ஓட்டத்தில் கண்டால் விளக்கு. கஸ்தூரியார் வீதி, ஸ்ரான்லி வீதி போன்ற மெதுவான நகர ஓட்டத்தில் அக்சிலேற்றரை விட்டதும் இஞ்சின் அடியோடு நின்றுவிடுவதால் சோதனை நடக்க இடமே கிடைக்காது. “ஸ்கானரால அழிச்சாச்சு, ஒரு கிழமையா வரேல்லை” என்பதெல்லாம் நீண்ட வீதியில் கிளிநொச்சிக்கு ஒருக்காப் போய் வரும்வரைதான்.

அழுத்தத்தை அளக்கும் சென்சரின் துளையே கரியால் மூடுண்டாலும் இதே கோட்தான் வரும். வால்வில் கைவைக்குமுன் அந்தச் சென்சரைக் கழற்றிப் பாருங்கள். பத்து நிமிட வேலை. பி0403 என்றால் கதை வேறு, அது மின்சுற்று. கடற்காற்றில் பச்சை பிடித்த கனெக்டரிலிருந்து தேடத் தொடங்கலாம்.

காலையில் ஸ்டார்ட் ஆனதும் சில வினாடி இஞ்சின் கிடுகிடுவென்று ஆடுவது அடுத்த அறிகுறி. பி0300 முதல் பி0304 வரையான மிஸ்ஃபயர் கோட்களில் (சிலிண்டரில் பெற்றோல் சரியாக எரியவில்லை என்பவை) ஏதாவது விழும். உடனே அந்தச் சிலிண்டருக்குப் புதுக் கொயிலும் பிளக்கும் வாங்கச் சொல்வார்கள். மனிபோல்ட்டின் நான்கு துளையில் மூன்று அடைபட்டால் முழுப் புகையும் மிஞ்சிய ஒன்றுக்குள் போகும். அந்தச் சிலிண்டர்தான் மிஸ்ஃபயர் காட்டும். குற்றவாளி அதுவல்ல, பக்கத்தில் அடைபட்டவை. ஆனால் கூலன்ட் ரிசர்வொயரில் மட்டமும் குறைந்துகொண்டு வந்தால் ஈஜிஆரைக் கழுவிக்கொண்டிருக்க வேண்டாம். ஹெட் கஸ்கெற்றோ, கூலரின் உட்சுவரோ கசிகிறது. முதலில் பிரஷர் சோதனை.

கழற்றுமுன் ஸ்மார்ட் கீயைத் தூர வைத்து, பின்சீற்றுக்கு அடியிலுள்ள 12 வோல்ட் பற்றரியின் மறை முனையைக் கழற்ற வேண்டும். உயர் மின்னழுத்தம் ஓடும் செம்மஞ்சள் வயர்களைத் தொட வேண்டாம். துருப்பிடித்த நட்டுகளுக்கு முதல் நாளே துரு எண்ணெய் விட்டு ஊறவிடுங்கள், இல்லாவிட்டால் ஸ்டட் முறியும். கூலரைக் கரி கரைக்கும் திரவத்தில் ஊறவைத்து, தண்ணீரால் அலசி, திரும்ப ஊறவைக்க வேண்டும். ஒரு முனையில் ஊற்றும் தண்ணீர் மறுமுனையில் தடையின்றிக் கொட்டும்வரை விடக்கூடாது. கம்பியால் குத்தினால் உள்ளே மெல்லிய சுவர் ஓட்டையாகி, கூலன்ட் இஞ்சினுக்குள் போகும். கொஸ்டிக் சோடா மலிவுதான், ஆனால் அலுமினியத்தைத் தின்றுவிடும். வால்வின் மோட்டர் பக்கத்துக்கு எந்தத் திரவமும் படக்கூடாது. மனிபோல்ட் பிளாஸ்டிக், துளைகளுக்கு நைலோன் தூரிகையும் பொறுமையும் போதும்.

கொழும்பின் உதிரிப்பாகச் சந்தையான பஞ்சிகாவத்தையிலிருந்து எடுப்பிக்கும் பழைய வால்வும் இன்னொரு காரின் கரியோடுதான் வரும். வாங்குவதென்றால் ஊசி முழுதாக மூடுகிறதா என்று பாருங்கள். கஸ்கெற்றுகளில் மிச்சம்பிடிக்காதீர்கள், எல்லாம் புதிதாக. ஒயில் ஆவியை இன்டேக்குக்குள் விடும் பிசிவி வால்வையும் அதே நாளில் மாற்றலாம். ஒயில் ஆவியும் கரியும் சேர்ந்தால்தான் அந்தப் பிசின் உருவாகிறது. ஒயிலை டிப்ஸ்ரிக்கின் மேல்கோட்டுக்கு மேலே ஊற்றுவதும் இதற்குத் தீனிதான்.

கூலன்ட்டுக்குக் கிணற்றுத் தண்ணீர் கூடவே கூடாது. சுண்ணாம்புக்கல் ஊர், கேத்திலில் படிகிற அதே வெள்ளைப் படிவு கூலருக்குள்ளும் படியும். கலந்தே வரும் பிங்க் நிற நீண்டகாலக் கூலன்ட்டை அப்படியே ஊற்றி, காற்று முழுதாக வெளியேறும்வரை இஞ்சினை மெயின்டனன்ஸ் மோட்டில் (இஞ்சின் தானாக நிற்காமல் ஓடும் நிலை) ஓடவிடுங்கள்.

தகடு வைத்துப் புகைவழியை அடைக்கும் யோசனையும் வரும். ஈசியு தேடுவதே அந்த அழுத்த மாற்றத்தைத்தான்; அடைத்தால் பி0401 நிரந்தரமாகக் குடியிருக்கும்.

எல்லாம் பூட்டியபின் கோட்டை அழித்து, ஏ9 இல் ஆனையிறவுப் பக்கம் கொண்டுபோய், சட்ட வேகத்துக்குள் ஓடி, பிரேக் பிடிக்காமல் அக்சிலேற்றரை விட்டு இழுபட விடுங்கள். இப்படிப் பலமுறை. ஸ்கானரில் ஈஜிஆர் மொனிற்றர் (ஈசியுவின் அந்தச் சோதனை) ‘கொம்ப்ளீட்’ என்று காட்டி, விளக்கு எரியுமுன் பதிவாகும் பென்டிங் கோட்டும் இல்லையென்றால் கராஜுக்குக் காசைக் கொடுக்கலாம்.